துகள் தாரைகளும் அவற்றை அளக்கும் முறையும்

முன்னுரை

உலகத்துப் பொருள்கள் யாவும் அணுக்களால் ஆயவை என்பதும், அணுவின் நடுவே மிகச் சிறியதொரு கரு உண்டு என்பதும் நம் மாணவர் யாவரும் பாடத்திற் பயின்ற செய்திகளே. அக்கரு உண்டென்பதை அறிஞர் அறிந்தது எவ்வாறு? 1909-ம் ஆண்டில் மாஞ்செஸ்டர் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கைகர், மார்ஸ்டன் என்னும் இருவர் மெல்லிய பொற்றகட்டின்மீது ஆல்பாத் துகள்களைச் செலுத்தினர். பெரும்பாலான துகள்கள் நேரே ஊடுருவிச் சென்றன. மிகச் சில மட்டும் வந்த வழியே திரும்பின. அவை திரும்பியதன் காரணத்தை ஆராய்ந்த ரூதர்போர்டு, 1911-ம் ஆண்டில் அணுக்கருவின் உண்மையை வெளியிட்டார். கண்ணுக்குப் புலனாகாத பொருளினூடே ஒரு துகளைச் செலுத்தி, அது வெளிவரும் நிலையைக்கொண்டு அப்பொருளின் இயல்பை உய்த்துணர்தலே இம்முறையின் சாரம்.

இம்முறை இன்றும் கையாளப்பட்டு வருகின்றது. ஆனால் ஆராய்தற்குரிய பொருள், பொற்றகடுபோல நம் முன் அசையாது நில்லாமல், தோன்றிய கணத்திலேயே மறைந்துபோவதாயின் என் செய்வது? ஒரு நொடியின் கோடியிற் கோடியிற் கோடியிலொரு பங்கினும் குறைந்த காலமே நிலைபெறும் பொருளினூடே, புறத்தேயிருந்து எதனையும் செலுத்துதல் இயலாது. ஊடுருவிச் செல்லும் துகளும் அப்பொருளோடு உடன்பிறந்ததாகவே இருத்தல் வேண்டும். அங்ஙனம் உடன்பிறந்து, அப்பொருளைக் கடந்து, தான் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டு வெளிவருவனவே 'தாரைகள்' எனப்படுவன. அவற்றை அளக்கும் முறையையும், அவ்வளவையில் நேரும் இடர்களையும் இக்கட்டுரையிற் சுருக்கமாகக் கூறுவாம்.

ஆராயப்படும் பொருள்

அணுக்கருவில் உள்ள ப்ரோட்டானும் நியூட்ரானும் பகுக்கவொண்ணாத பொருள்கள் அல்ல. அவை குவார்க்கு என்னும் நுண்துகள்களால் ஆயவை. இக்கருத்தை 1964-ம் ஆண்டில் கெல்-மான், ஸ்வைக் என்னும் இருவர் தனித்தனியே வெளியிட்டனர். குவார்க்குகளைப் பிணித்து நிற்பன குளுவான்கள். இவற்றின் வியத்தகு இயல்பு யாதெனின், எந்தக் குவார்க்கும் தனித்து வெளிப்படாது என்பதே. பிரிக்க முயலுந்தோறும் அச்சக்தியிலிருந்தே புதிய குவார்க்குகள் தோன்றிப் பழையவற்றோடு கூடிக்கொள்ளும்.

எனினும் உஷ்ணநிலை ஏறத்தாழ இரண்டு லட்சம் கோடி டிகிரியை எட்டுமாயின், இப்பிணிப்பு நெகிழும். அந்நிலையில் ப்ரோட்டான், நியூட்ரான் என்னும் எல்லைகள் கரைந்துபோக, குவார்க்கும் குளுவானும் கலந்ததொரு பிழம்பு உண்டாகும். இதனைக் குவார்க்கு-குளுவான் பிளாஸ்மா என்பர். ஞாயிற்றின் நடுப்பகுதியினும் இது லட்சம் மடங்கிற்கு மேலும் வெம்மையுடையது. பிரபஞ்சம் தோன்றிய முதல் நொடியின் லட்சத்திலொரு பங்கு காலம் வரை எங்கும் இப்பொருளே நிறைந்திருந்ததென்பது அறிஞர் துணிபு.

இதனை மீண்டும் உண்டாக்குதற்குக் கனத்த அணுக்கருக்களை ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் மோதச் செய்கின்றனர். அமெரிக்காவில் நியூயார்க்கைச் சார்ந்த புரூக்ஹேவன் ஆராய்ச்சிச்சாலையில் 2000-ம் ஆண்டு முதற்கொண்டு பொன் அணுக்கருக்கள் மோதுவிக்கப்பட்டன. அவ்வியந்திரத்தின் சுற்றளவு 3.8 கிலோமீட்டர். ஜினீவா நகரை அடுத்த செர்ன் நிலையத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள இயந்திரத்தில் 2010-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஈய அணுக்கருக்கள் முதன்முறை மோதின. ஈயக் கருவொன்றில் 82 ப்ரோட்டான்களும் 126 நியூட்ரான்களும் உள.

சக்தியை அளக்க ஓர் அலகு வேண்டும். ப்ரோட்டான் ஒன்றின் நிறைக்கு ஈடான சக்தி ஏறத்தாழ ஒரு கிகா எலெக்ட்ரான்-வோல்ட் ஆகும். அதனையே இக்கட்டுரையில் 'அலகு' என்று வழங்குவாம். உந்தத்திற்கும் அவ்வலகே பொருந்தும். புரூக்ஹேவனில் மோதும் ஒவ்வோர் இணைத் துகளுக்கும் 200 அலகு. செர்னில் 2010-ல் 2,760 அலகு. 2015-ல் 5,020 அலகு. 2023-ல் 5,360 அலகு.

தாரையாவது யாது?

இரு அணுக்கருக்கள் மோதுங்கால், ஒன்றன் குவார்க்கு மற்றொன்றன் குவார்க்கோடு நேருக்குநேர் வலிதாய்த் தாக்குவதுண்டு. அங்ஙனம் தாக்கிய இரண்டும் குறுக்கே எதிரெதிர்த் திசைகளில் தெறித்து ஓடும். தனித்து வெளிப்படுதல் அவற்றிற்கு இயலாதாகலின், ஓடும் வழியிலேயே ஒவ்வொன்றும் பல துகள்களாகப் பிரிந்து, ஒரே திசையில் ஒடுங்கிய கூம்புபோலப் பாயும். பீச்சாங்குழலினின்று நீர் பாய்வதை ஒப்ப இது பாய்தலின் தாரை எனப் பெயர்பெற்றது. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதியதில் தாரைகள் உண்டென்பதற்குரிய சான்று 1975-ம் ஆண்டில் ஸ்டான்போர்டிற் கிடைத்தது. 1979-ம் ஆண்டில் ஹாம்பர்க் நகரில் மூன்று தாரைகள் ஒருங்கே தோன்றக் கண்டு குளுவான் உண்டென்பதைத் துணிந்தனர்.

தாரைகள் இணையாய்ப் பிறக்குங்கால், உந்தம் அழியாதென்னும் விதிப்படி இரண்டின் குறுக்குந்தமும் ஏறத்தாழச் சமமாதல் வேண்டும். இச்சமநிலையே நம் ஆராய்ச்சிக்குத் துலாக்கோல். 1982-ம் ஆண்டில் பியோர்க்கென் என்னும் அறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். தாக்குதல் பிழம்பின் விளிம்பருகே நிகழுமாயின், ஒரு தாரை எளிதில் வெளியேறும். மற்றொன்றோ பிழம்பு முழுவதையும் கடந்தாக வேண்டும். கடக்கும் வழியில் அது சக்தியை இழந்து மெலியும். ஒருகால் முற்றும் அவிந்துபோதலும் கூடும். துலாவின் ஒரு தட்டு உயர்வதைக்கொண்டு பிழம்பின் இருப்பையும் அடர்த்தியையும் அறியலாம் என்பது அவர் கருத்தின் பயன்.

ஐயமும் தீர்வும்

புரூக்ஹேவனில் முதற்கண் தாரைகளை முழுமையாய் அளக்கவில்லை. மிக்க உந்தமுடைய தனித் துகள்களையே எண்ணினர். நேருக்குநேர் மோதும் பொன் கருக்களில் அத்தகைய துகள்கள் எதிர்பார்த்த அளவில் ஐந்திலொரு பங்கே காணப்பட்டன. 2003-ல் ஸ்டார் என்னும் குழுவினர் மற்றொன்றும் கண்டனர். வலிய துகளொன்றைக் கண்டவிடத்து, அதற்கு நேரெதிரே இருக்கவேண்டிய துணைத் துகள்கள் காணாமற்போயின.

பிழம்பு உண்டாகிவிட்டது என்று உடனே முழங்கலாமா? அன்று. வேறொரு விளக்கமும் நின்றது. மிக்க வேகத்தில் ஓடும் பொன் கருவினுள்ளே குளுவான்கள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்துவிடுமாயின், வலிய தாக்குதல்களே முதலிற் குறைந்துவிடும் என்றனர் சிலர். அஃதாவது, தாரை பிறந்தபின் அவிந்ததா, அன்றிப் பிறக்கவேயில்லையா என்பதே வினா. இரண்டு விளக்கங்களும் பொன்னும் பொன்னும் மோதும்போது ஒரே விளைவையே தரும். ஆகவே அச்சோதனையை எத்துணை முறை திரும்பச் செய்யினும் ஐயம் நீங்காது.

வேறொரு சோதனை வேண்டியதாயிற்று. ஒரு ப்ரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே உள்ள டியூட்டிரான் என்னும் சிறு கருவைப் பொன் கருவோடு மோதவிட்டனர். இங்கே பொன் கருவின் உள்நிலை முன்போன்றதே. ஆனால் மோதலின்பின் பெரும் பிழம்பு உண்டாதற்கு இடமில்லை. குறைவு பிறப்பிலேயே உள்ளதாயின் இங்கும் குறைவு தோன்றவேண்டும். பிழம்பினால் நேர்ந்ததாயின் தோன்றலாகாது. 2003-ம் ஆண்டில் அங்கிருந்த நான்கு குழுவினரும் தம் முடிவுகளை வெளியிட்டனர். குறைவு தோன்றவில்லை, எதிர்ப்புறத்துத் துணைத் துகள்களும் தம் இடத்தில் இருந்தன. தாரைகள் பிறந்தபின்பே அவிந்தன என்பது அதனால் உறுதியாயிற்று. பின்னர்ப் பீனிக்ஸ் என்னும் குழுவினர், குவார்க்கு-குளுவான் விசைக்கு ஆட்படாத ஒளித்துகள்கள் சிறிதும் குறையவில்லை எனக் காட்டியது இம்முடிவிற்கு மேலும் வலி சேர்த்தது.

அளக்கும் முறை

தனித் துகள் ஒன்று தாரையின் ஒரு சிறு கூறே. தாரை இழந்த சக்தி எவ்வளவு என அறிய முழுத் தாரையையும் அளத்தல் வேண்டும். ஈண்டுத்தான் பேரிடர் தோன்றுகின்றது.

ஈயக் கருக்கள் நேருக்குநேர் மோதுமிடத்து 2,760 அலகுச் சக்தியிலேயே ஒரு மோதலுக்கு ஏறத்தாழப் பதினேழாயிரம் மின்னேற்றத் துகள்கள் வெளிப்படுகின்றன. தாரைக்குரியவை அவற்றுட் சில பத்தே. தேர்த்திருவிழாக் கூட்டத்தினிடையே ஒரு குடும்பத்தாரைத் தேடிப் பிடித்து, அவர் கைப்பொருளை மட்டும் எண்ணிக் கூறுக என்றாற்போல்வது இவ்வேலை.

முதலாவது, துகள்களைக் காணுதல். மோதுமிடத்தைச் சுற்றிலும் அடுக்கடுக்காகக் கருவிகள் அமைந்துள்ளன. உள்ளடுக்கில், வலிய காந்தப் புலத்தில் மின்னேற்றத் துகள்கள் வளைந்து செல்லும் தடங்களைக்கொண்டு உந்தத்தைக் கணிக்கின்றனர், சி.எம்.எஸ். என்னும் கருவியில் அப்புலத்தின் வலிமை 3.8 டெஸ்லா. வெளியடுக்கில் துகள்களைத் தடுத்து நிறுத்தி, அவை விடும் சக்தியை அளக்கின்றனர்.

இரண்டாவது, துகள்களைத் தாரையாகத் தொகுத்தல். கூம்பின் எல்லை இயற்கையில் வரையப்பட்டதன்று, நாமே வகுக்கவேண்டுவது. கக்சியாரி, சலாம், சோயெஸ் என்னும் மூவர் 2008-ம் ஆண்டில் வகுத்த முறையே இக்காலத்துப் பெரிதும் வழங்குகின்றது. வலிய துகளொன்று தன்னைச் சூழ்ந்த மெலிய துகள்களை முதலிற் சேர்த்துக்கொள்ளும்; குறித்த ஆரத்திற்கு அப்பாற்பட்டவை சேரா. ஆரம் பெரும்பாலும் 0.2 முதல் 0.4 வரை கொள்ளப்படும். இது நீளமன்று, கோணங்களைக்கொண்டு கணித்த அளவு. இங்ஙனம் தொகுத்தால் தாரையின் எல்லை ஏறத்தாழ வட்டமாக அமைதலின், அதன் பரப்பைக் கூறுதல் எளிதாகின்றது. ஆரம் 0.4 ஆயின் பரப்பு ஏறத்தாழ 0.5.

மூன்றாவது, பின்புலத்தைக் கழித்தல். எண்ணெய் நிறுக்கும் வணிகன் முதலிற் பாத்திரத்திற்குத் தடை கட்டுகின்றான். பின்னரே எண்ணெயை நிறுக்கின்றான். இங்கும் அவ்வாறே தடை கட்டவேண்டும். ஆலிஸ் குழுவினர் அளந்தபடி, நேர்மோதல்களில் ஒரு பரப்பலகிற்கு மின்னேற்றத் துகள்களின் பின்புலம் மட்டும் ஏறத்தாழ 140 அலகு. ஆரம் 0.4 உடைய வட்டத்தினுள் தாரைக்குரியதல்லாத சரக்கு 70 அலகு உண்டென்பது இதனாற் பெறப்படும். பாத்திரம் எண்ணெயினும் கனமானது என்க.

அவ்வடர்த்தியை எவ்வாறு அறிவது? மோதலின் பரப்பெல்லாம் சிறு சிறு கண்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றன் அடர்த்தியையும் கண்டு, ஏறுவரிசையில் நிறுத்தி, நடுவே நிற்பதனை எடுத்துக்கொள்கின்றனர். சராசரி கொள்ளாததன் காரணம் கருதற்பாலது. சில கண்டங்களில் உண்மைத் தாரைகளே இருக்கும். அவை சராசரியை மேலே இழுத்துவிடும். நடுவண் நிற்பதோ ஓரிரு பெருஞ்செல்வரால் ஊராரின் நிலை மாறாதவாறுபோல அசையாது நிற்கும்.

நான்காவது, ஏற்றத்தாழ்வைத் திருத்துதல். வணிகனுடைய பாத்திரம் எப்பொழுதும் ஒரே நிறையுடையது. இங்கோ இடத்துக்கிடம் நிறை மாறுகின்றது. தாரை இல்லாத இடங்களில் கண்மூடி வட்டங்களை வரைந்து பார்த்தால், கழித்தபின்னும் மேலும் கீழுமாகப் பத்தலகு வரை எஞ்சுதல் இயல்பாயுள்ளது. இதனால் விளையும் தீங்கு பெரிது. மெலிய தாரைகள் மிகப் பல. வலிய தாரைகள் மிகச் சில. மேலேறிய மெலிய தாரை வலியவற்றின் கூட்டத்திற் புகுந்துவிடும். கீழிறங்கிய வலிய தாரைகள் அவ்விழப்பை ஈடுசெய்யா. 60 அலகு எனக் காணப்பட்ட தாரை உண்மையில் 70 ஆயிருத்தலினும் 50 ஆயிருத்தலே மிகுதியும் நிகழக்கூடியது. ஆதலின் தெரிந்த அளவுள்ள தாரைகளை உண்மையான மோதல்களிற் கலந்து, அவை எவ்வெவ்வளவாய்த் திரிந்து தோன்றுகின்றன எனக் கண்டு, அத்திரிபைத் தலைகீழாகக் கணித்து மெய்யளவை மீட்கின்றனர். பின்புலத் துகள்களே தற்செயலாய்த் திரண்டு தாரைபோலத் தோன்றுதலும் உண்டு. அப்போலிகளை விலக்க, 5 அலகிற்கு மேற்பட்ட துகளொன்றேனும் உடையதே தாரை என நிபந்தனை விதிப்பர். ஆயின் அந்நிபந்தனை மெலிந்து சிதறிய உண்மைத் தாரைகளையும் விலக்கிவிடும் என்பதனை மறத்தலாகாது.

2010-ம் ஆண்டு நிகழ்ச்சி

ஈய மோதல்கள் தொடங்கிய நவம்பர் மாதம் முடியுமுன்னரே அட்லஸ் குழுவினர் தம் முதல் முடிவை வெளியிட்டனர். 100 அலகிற்கு மேற்பட்ட தாரையையும் அதன் எதிரிணையையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்தனர். இணைகள் 100, 100 ஆயின் விடை சுழி. 100, 50 ஆயின் மூன்றிலொன்று. நேர்மோதல்களில் சமமில்லா இணைகள் மிகுந்து காணப்பட்டன. பியோர்க்கென் கருதியது தனித்தனி மோதல்களின் படத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி வெளிப்பட்டது.

அடுத்த ஜனவரியில், தொகுக்கும் முறையை வகுத்த அம்மூவரே ஓர் எச்சரிக்கை எழுதினர். பின்புலத்தின் ஏற்றத்தாழ்வே சமமான இணையையும் சமமற்றதாகக் காட்டக்கூடும். அதன் பங்கு எவ்வளவென்று அளந்தாலன்றி இழப்பின் அளவைத் துணிதல் கூடாது என்பது அதன் கருத்து. ஒரு பெருங்கண்டுபிடிப்பைப் பலரும் புகழுங்காலத்தில் இவ்வாறு வினவுதல் பொறாமையன்று; ஆராய்ச்சிக்குச் செய்யும் தொண்டேயாகும். பின்புலத்தின் தொல்லை குறைவாயுள்ள மிக வலிய தாரைகளிலும் சமமின்மை நீங்காதிருத்தலைச் சி.எம்.எஸ். குழுவினர் காட்டினர். ஆகவே உண்மை நிலைபெற்றது. அளவைமுறையும் முன்னினும் செம்மையுற்றது.

இழந்த சக்தி எங்கே போயிற்று? சி.எம்.எஸ். குழுவினர் 2011-ல் எல்லாத் தடங்களையும் கூட்டிப் பார்த்தபோது கணக்கு நேராயிற்று. சக்தி அழியவில்லை, மிக மெலிய துகள்களாகச் சிதறி, தாரைக்கு நெடுந்தொலைவிற் பரவிக் கிடந்தது. ஆரத்தைப் பெரிதாக்கினால் அதனைத் திரும்பப் பெறலாமே எனின், ஆரம் 0.4-லிருந்து 1.0 ஆயின் பரப்பும் பின்புலமும் ஆறு மடங்கிற்கு மேற் பெருகும். அவ்விடரையும் கடந்து 1.0 ஆரம் வரை அளந்து 2021-ல் வெளியிட்டனர். அங்கும் குறைவு முற்றும் நீங்கவில்லை.

'பாதி' என்பதன் பொருள்

ப்ரோட்டான் மோதல்களைக்கொண்டு எதிர்பார்க்கும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கால், 100 அலகை ஒட்டிய தாரைகள் ஈயத்தின் நேர்மோதல்களில் ஏறத்தாழப் பாதியே காணப்படுகின்றன. இதனைப் படிப்போர் தாரைகளுட் பாதி அழிந்தன என்று கருதுவர். அது பிழை. தாரைகளின் எண்ணிக்கை உந்தத்தின் ஆறாம் அடுக்கின்படி குறைவதாகக் கொண்டு நாமே கணக்கிடுவோம். ஒவ்வொரு தாரையும் தன் சக்தியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்கு இழந்தாலே, குறித்த அளவில் நிற்கும் தாரைகளின் தொகை பாதியாகிவிடும். செங்குத்தான சரிவில் ஓரடி நகர்ந்தாலும் உயரம் மிக மாறுவதுபோன்றதே இது. சிறு இழப்பு பெருங்குறைவாய்த் தோன்றுதலை அறியாதார் அளவை சரியாயிருந்தும் பொருளைத் தவறவிடுவர்.

நடுநிலைச் சாட்சி

இன்னும் ஒரு வழு நுட்பமானது. நாம் எண்ணுவன வெளியே வந்து சேர்ந்த தாரைகளையே. மிகுதியும் இழந்தவை நம் கணக்கில் வாரா. போர்க்களத்தினின்று மீண்டோரை மட்டும் வினவிப் போரின் கொடுமையை மதிப்பிடுதல்போல இது முடியும். ஆகவே தாரையின் பிறப்பளவைக் கூறவல்ல நடுநிலைச் சாட்சி வேண்டும். அத்தகைய சாட்சி ஒளித்துகள். சில தாக்குதல்களில் ஒருபுறம் ஒளித்துகளும் மறுபுறம் குவார்க்கும் தெறிக்கும். ஒளித்துகள் பிழம்பினால் தடையுறாது. ஆகலின் எதிர்த் தாரை பிறந்தபோது பெற்றிருந்த உந்தத்தை அது காட்டிவிடும்.

சி.எம்.எஸ். குழுவினர் 2012-ல் வெளியிட்டபடி, பிழம்பு இல்லையெனக் கொண்ட கணக்கில் தாரை ஒளித்துகளின் உந்தத்தில் சராசரி 0.86 பங்கு உடையது. நேர்மோதல்களிற் கண்டதோ ஏறத்தாழ 0.73. இதனோடு நிறுத்தலாகாது. 30 அலகிற்கு மேற்பட்ட துணைத் தாரையுடன் தோன்றிய ஒளித்துகள்கள், கணக்கின்படி மூன்றிலிரு பங்கு இருக்கவேண்டுவன, ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. துணையிழந்த ஒளித்துகள்களின் தாரைகள் 0.73 என்னும் சராசரியிற் சேரவேயில்லை. ஆகவே உண்மை இழப்பு அவ்வெண் காட்டுவதினும் மிகுதி. கணக்கில் வாராதவற்றையும் கணக்கிற் கொண்டவனே அளந்தவன் ஆவான்.

முடிவுரை

தாரைகள் பிழம்பில் சக்தியை இழக்கின்றன என்பது இன்று ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. எத்துணைச் சிறிய பிழம்பில் அவ்விழப்புத் தொடங்கும் என்பது ஆராயப்பட்டு வருகின்றது; அதன்பொருட்டே 2025-ம் ஆண்டு ஜூலை மாதத்திற் செர்னில் ஆக்ஸிஜன் கருக்களை மோதவிட்டனர். புரூக்ஹேவனிலும் தாரைகளை அளத்தற்கென்றே அமைத்த எஸ்-பீனிக்ஸ் என்னும் கருவி 2023-ல் வேலை தொடங்கியது. இம்முயற்சிகளில் நம் நாட்டார்க்கும் பங்கு உண்டு. இந்தியா 2017-ம் ஆண்டில் செர்னின் இணை உறுப்பு நாடாயிற்று. ஸ்டார், ஆலிஸ் என்னும் இரு குழுக்களுக்கும் ஒளித்துகள்களை எண்ணும் கருவியைக் கல்கத்தாவைச் சார்ந்த அறிஞரும் பிறரும் கூடி அமைத்தனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் சி.எம்.எஸ். குழுவிற் சேர்ந்துள்ளனர்.

27 கிலோமீட்டர் இயந்திரம் நம் கல்லூரியில் இல்லை. ஆனால் நிறுக்குமுன் தடை கட்டுதல், ஒரு விளக்கத்திற்கு எதிர்விளக்கம் தேடுதல், இரண்டையும் பிரித்துக்காட்டும் சோதனையை வகுத்தல், விடுபட்டவற்றை எண்ணிப்பார்த்தல் ஆகிய இவை நம் ஆராய்ச்சிச்சாலை மேசைமீதும் இயல்வனவே. பாடப்புத்தகத்து விடையோடு பொருந்தவில்லையே என்று, கண்ட எண்ணை அழித்து வேறெண் எழுத நம் கை ஓடும் வேளையில், டியூட்டிரான் சோதனையை நினைவுகூர்வோமாக. தம் கருத்துப் பொய்த்துப்போகக் கூடிய இடத்தைத் தாமே தேடிச் சென்று நின்றமையால் அன்றோ அவர்தம் கருத்து நிலைபெற்றது.